அப்பாவுக்கு மட்டும் தனிப் பிரதி

வெள்ளிக்கிழமை வந்தால் போதும், நம் பெரியவளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவாது. அன்றைக்கும் எட்டு மணிக்கே பள்ளிக்கூட அலுவலகத்தைத் திறந்துகொண்டு உள்ளே போய், கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், மேசை மேலிருந்த சாக்பீஸ் டப்பாவைக் கவிழ்த்தாள்.

டப்பாவின் மூடியில் உண்டியல் போல ஒரு துளை. வாரம் முழுக்க ஆசிரியர்கள் அதில் சீட்டுப் போடுவார்கள். யாருக்குக் கல்யாணம், யாருக்குக் குழந்தை, யார் பயிற்சிக்குப் போகிறார், எந்த வகுப்புக்கு எப்போது ஓட்டப்பந்தயம் என்று எல்லாம் சீட்டாக விழும். அதையெல்லாம் கணினியில் தட்டி, முன்பக்கம் 'நம்மவர் செய்தி', பின்பக்கம் 'வரும் வாரம்' என்று ஒரே தாளில் அடக்கி, மதியம் இரண்டு மணிக்கு எழுபது பிரதி கொடுத்துவிட வேண்டும். வெள்ளி மடல் என்று அதற்குப் பெயர். அதனாலேயே அவளுக்கு அங்கே மடலக்கா என்று பெயர்.

போன வாரம் அவளையும் தங்கையையும் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் விட்டுவிட்டு வந்தோம். "என்னைக் கொஞ்ச நாளைக்கு யாரும் எதுவும் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாளே, அந்தக் கதவு அக்காவுக்கு இன்னும் திறக்கவில்லை. இத்தனைக்கும் மூன்று பேர்தான் அந்த வீட்டில். முப்பத்தொரு வருஷம் அதே பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அப்பா. அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் சின்னவள். அலுவலகத்தில் பெரியவள். ஊரே அந்த வீட்டை ஸ்டாஃப் ரூம் என்று கேலி செய்யும்.

பெரியவள் சீட்டுகளைப் பிரித்தாள். கணக்கு சாருக்குப் பேத்தி. பாட்டு டீச்சருக்குப் பல் பிடுங்கியாயிற்று, திங்கள் முதல் பாடுவார். ஏழாவது சீட்டைப் பிரித்தவள் அப்படியே நின்றாள். அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியும். பென்சில் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

'வேதியியல் ஆசிரியை சொந்தக் காரணங்களுக்காக இந்தப் பருவத்துடன் விடைபெறுகிறார். அனைவருக்கும் நன்றி.'

இரண்டே வரி.

அதற்கடுத்த சீட்டு எச்.எம். மேடம் போட்டது. 'செவ்வாய், மூன்றாம் பீரியட், வேதியியல் ஆய்வகம். புதிய ஆசிரியர் தேர்வுக்கு மாதிரி வகுப்பு.'

ஆக, எச்.எம்.முக்குத் தெரியும். டப்பாவுக்குத் தெரியும். வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியாது.

டப்பாவில் விழுந்தது மடலில் வரும், வேண்டாமென்றால் போட்டவரேதான் வந்து எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டதே அவள்தான். அந்த மடலை உலகத்திலேயே ஆழ்ந்து படிக்கிற மனிதர் யார் தெரியுமா? அவளுடைய அப்பா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், வரி வரியாகப் படித்து, பிழை திருத்தி, மதிப்பெண் போட்டு, தேதி வாரியாகக் கோப்பில் சேர்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

சின்னவளைத் தேடி ஓடினாள். வகுப்பில் இருந்தாள். திரும்பி வந்து நாலு வரி தட்டினாள், அதில் மூன்று பிழை. மறுபடி எழுந்து போனாள். பாதி வழியில் போன் அடித்தது.

அப்பா.

"அம்மாடி! வேலையா இருக்கியா?"

"சொல்லுங்கப்பா."

"உங்க எச்.எம். போன் பண்ணாங்க. செவ்வாய்க்கிழமை கெமிஸ்ட்ரிக்குப் புது ஆள் பாடம் நடத்திக் காட்டறாங்களாம். பெரிய சார் பின்வரிசையில உக்காந்து பாக்கணும், நீங்க சொல்ற ஆளைத்தான் எடுப்போம்னு சொல்லிட்டாங்க."

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்படியாப்பா?"

"எத்தனை வருஷம் கேட்டேன், இந்த லேபுக்கு இன்னொரு ஆள் போடுங்கன்னு! எனக்குப் போடலை. என் பொண்ணுக்குப் போடறாங்க பாரு. பாவம், ஒத்தை ஆளா மாரடிக்குது. அதான் கொஞ்ச நாளா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரியறா. துணைக்கு ஆள் வந்தா சரியாயிடுவா."

"அப்பா..."

"நீ சொல்லிடாதே. நான்தான் சொல்லுவேன். கேள்வியெல்லாம் எழுதி வெச்சுட்டேன். பதினாலு கேள்வி! வர்றவன் தண்ணி குடிக்கணும்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எச்.எம். மீதும் குற்றமில்லை, கண்ணுகளா. ஒரே வீட்டில் இருக்கிறவர்கள், சொல்லியிருப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

பன்னிரண்டு மணிக்கு உணவு இடைவேளை மணி அடித்தது. பெரியவள் ஆய்வகத்துக்குள் நுழைந்தாள். நுழைந்ததுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அழுகின முட்டை நாற்றம். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் சின்னவள் நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிடி இந்த நாத்தத்துல உக்காந்து காபி குடிக்கிறே?"

கோப்பை உதட்டருகே அப்படியே நின்றது.

"நாத்தமா?"

"ஏன், உனக்கு வரலையா? கண்ணே எரியுது எனக்கு."

சின்னவள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தாள். காலையில் வகுப்புக்குச் செய்துகாட்டிய சோதனைக் குழாய்கள் கழுவாமல் கிடந்தன. மளமளவென்று ஜன்னல்களைத் திறந்தாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். அக்காவைப் பார்க்காமலே சொன்னாள்.

"மூக்கு போச்சுக்கா."

"என்ன போச்சு?"

"வாசனையே தெரியலை. அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுக்கப்புறம். நாலு மாசமாச்சு. வரலாம், வராமலும் போகலாம்னு டாக்டர் சொல்றார்."

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சண்டை போட வந்தவள்.

"அப்போ இத்தனை நாள் எப்படிடி வகுப்பு எடுத்தே?"

"பிள்ளைங்களைக் கேப்பேன். 'என்ன வாடை வருது, சொல்லுங்க பாப்போம்'னு. பத்து பேர் என்ன சொல்றாங்களோ அதுதான் பதில். 'கரெக்ட், உக்காருங்க'ன்னுடுவேன். நல்லா நடத்தறேன்னு எச்.எம். பாராட்டினாங்க. பிள்ளைங்களைப் பேச விடறேனாம்."

சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"போன மாசம் காஸ் குழாய் ஒண்ணு சரியா மூடாம இருந்திருக்கு. என் மேசைக்கு நாலடி தள்ளி. கடைசி பெஞ்சுல இருக்கற பொண்ணு கத்தினா, 'டீச்சர், காஸ் வாடை!'ன்னு. என் கையில தீப்பெட்டிக்கா. குச்சியை எடுத்துட்டேன்."

வெளியே பிள்ளைகள் பந்துக்குச் சண்டை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். சொந்தக் காரணம்னு."

"அப்பாகிட்ட சொல்ல வேண்டாமா?"

"மடல் சொல்லும்."

"மடல் என்ன உன் வாயா? என் பேப்பரை விட்டு அவர்கிட்ட பேசறியா?"

"நீதான் அவர் முகத்தைப் பாத்து சொல்லேன் பாப்போம்!" சின்னவளின் குரல் உயர்ந்தது. "வாசல்ல நின்னே எந்த பாட்டில் திறந்திருக்குன்னு சொன்ன மனுஷன்கா அவர். இந்த லேப் சாவியை என் கையில கொடுக்கறப்போ அழுதார். எனக்குப் போச்சுன்னு சொன்னா, அவருக்கே போன மாதிரி ஆயிடுவார்."

"நீ சொல்லாததால இப்போ என்ன ஆயிருக்கு தெரியுமா? செவ்வாய்க்கிழமை பின்வரிசையில உக்காந்து ஆள் எடுக்கப்போறது அவர்தான். உனக்குத் துணை வருதுன்னு குதிச்சுக்கிட்டிருக்கார். பதினாலு கேள்வி எழுதி வெச்சிருக்கார்."

சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது. "அப்பாவையா கூப்பிட்டாங்க?"

"ஆமாம். சீட்டை எடுத்துக்கோ. ஞாயித்துக்கிழமைக்குள்ள நீ வாயைத் திறந்து சொல்லு. அடுத்த வாரம் போடறேன்."

"எடுக்கமாட்டேன். என்னால வாயால சொல்ல முடியாதுக்கா. போட்டுடு."

மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். பெரியவள் வெளியே வந்தாள்.

அலுவலகத்தில் நகலெடுக்கும் இயந்திரத்தின் முன்னால் அவள் பட்டபாடு இருக்கிறதே! தாளை வைப்பாள், எடுப்பாள். திரைக்குப் போவாள், அந்த வரியை அழிப்பாள், மறுபடி கொண்டுவருவாள். பியூன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, மெஷின் மக்கர் பண்ணுதா, நீ மக்கர் பண்றியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றே முக்காலுக்கு ஒரு வழி பிறந்தது. வழி என்றுதான் அவள் நினைத்தாள்.

தங்கை எழுதியது எழுதியபடியே இருக்கும் தாளில் அறுபத்தொன்பது பிரதி. பிறகு அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு, இடம் வெறுமையாகத் தெரியாமலிருக்க 'நூலகத்தின் மின்விசிறி பழுதுநீக்கப்பட்டுவிட்டது, வாசகர்கள் மகிழ்ச்சி' என்று தட்டி, இன்னும் ஒரே ஒரு பிரதி. அது அப்பாவுக்கு. அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். இரண்டு நாள் அவகாசம் போதும், தங்கையைப் பேச வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

இரண்டு மணிக்கு மடல் போயிற்று. இரண்டு ஐந்துக்கு ஆசிரியர் அறை இரைந்தது. பாட்டு டீச்சர் பிடுங்கிய பல்லையும் மறந்து, "நிஜமாவா? நிஜமாவா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார். விளையாட்டு சார் அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"என்ன மடலக்கா, உங்க வீட்டுச் செய்தியைக்கூட நாங்க பேப்பர்லதான் படிக்கணுமா?"

"நானே பேப்பர்லதான் சார் படிச்சேன்."

அவர் அதை நகைச்சுவை என்று எண்ணிக்கொண்டு சிரித்தபடி போனார்.

பெரியவள் நாலரைக்கு வீட்டுக்கு வந்தாள். சின்னவள் இன்னும் வரவில்லை. அப்பா சாப்பாட்டு மேசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே தயார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"மடல் எங்கே?"

எடுத்துக் கொடுத்தாள். அவர் பிரித்தார். மேசையில் நீவி விட்டார். படித்தார். வழக்கமாக ஒவ்வொரு வரிக்கும் ஏதாவது சொல்லுவார், இன்றைக்குச் சத்தமே இல்லை. பெரியவள் தண்ணீர் குடித்தாள். ஜன்னலை மூடினாள். மறுபடி திறந்தாள்.

"உக்காரு. ஏன் அலையறே?"

உட்கார்ந்தாள்.

அவர் செய்தித்தாளுக்கு அடியிலிருந்து இன்னொரு தாளை இழுத்தார். அதுவும் வெள்ளி மடல்தான்.

"வேன் டிரைவர் மூணு மணிக்கு ஒரு உறை கொண்டாந்து கொடுத்தான். செவ்வாய்க்கிழமைப் பாடக்குறிப்பெல்லாம் எச்.எம். அனுப்பியிருக்காங்க. நேரம் தெரியணும்னு மடலையும் கூட வெச்சிருக்காங்க."

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காப்பியடித்த விடைத்தாள்களைப் பிடிக்க அந்தக் காலத்தில் எப்படி வைப்பாரோ அப்படி.

"ஏழாவது செய்தி. எச்.எம். கொடுத்ததுல ஒண்ணு இருக்கு. நீ கொடுத்ததுல மின்விசிறி சுத்துது." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்த மின்விசிறியை ரெண்டு மாசம் முன்னாடியே ரிப்பேர் பண்ணிட்டாங்க. அந்த மடலும் என் கோப்புல இருக்கு."

"அப்பா, நான்..."

"உன் பங்குக்கு அப்புறம் வரேன். அவ வரட்டும்."

வாசலில் செருப்புச் சத்தம். சின்னவள் உள்ளே வந்தாள். மேசை மேல் இரண்டு தாள்களைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எனக்காகத் தனியா ஒண்ணு அடிச்சியாக்கா?" என்றாள் மெதுவாக.

"உனக்காக இல்லைடி, அப்பாவுக்காக."

"குட்டி, இப்படி வா" என்றார் அப்பா. "சொந்தக் காரணம்னு போட்டிருக்கே. என்ன காரணம்?"

சின்னவள் நின்றபடியே சொன்னாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. காய்ச்சல், டாக்டர், பத்து பேர் சொல்வதே பதில் என்று சமாளித்தது, காஸ் குழாய், தீக்குச்சி, எல்லாவற்றையும் கொட்டினாள். வாயால் சொல்ல முடியாது என்றவள்தான்.

அப்பாவின் முகத்தையே பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உடைந்துபோவார் என்று பயந்தாள். எழுந்து போய்த் தாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள்.

அவர் உடையவில்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

"வாரத்துக்கு எத்தனை லேப் உனக்கு?"

"எட்டுப்பா."

"ஒவ்வொண்ணுக்கும் முப்பது பிள்ளைங்க."

"ஆமாம்."

"நாலு மாசம்." மூச்சை இழுத்து விட்டார். "நீ போறேன்னு எழுதினதுக்கு எனக்குக் கோபமில்லை குட்டி. வலிக்குது. அது என் பாடு. போகாம இத்தனை நாள் அங்கே நின்னியே, அதுக்குத்தான் கோபம்."

சின்னவள் இதை எதிர்பார்க்கவில்லை. அழுகிறவரைச் சமாதானப்படுத்தத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். திட்டு வாங்கத் தயாராகவில்லை.

அப்பா பெரியவளிடம் திரும்பினார். "காஸ் விஷயம் உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்கு."

"தெரிஞ்சப்புறம் நீ என்ன பண்ணினே?"

பெரியவள் வாயைத் திறந்தாள்.

"மின்விசிறி ரிப்பேர் பண்ணினே" என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை. அவர் மடலைப் பின்பக்கம் திருப்பினார். விரல் 'வரும் வாரம்' பகுதியில் முதல் வரியிலேயே நின்றது.

"திங்கள். பத்தாம் வகுப்பு, செய்முறைப் பயிற்சி. ரெண்டு பீரியட். யார் எடுக்கறா?"

"நான்தான்ப்பா. பருவம் முடியற வரைக்கும்தானே. இன்னும் ஆறு வாரம். இனிமே பர்னரை நான் தொடவே மாட்டேன், பிள்ளைங்களை விட்டு..."

சொல்லும்போதே அவளுக்கே கேட்டது, தான் என்ன சொல்கிறோம் என்று. நிறுத்திக்கொண்டாள்.

அப்பா தன் போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எச்.எம்.கிட்ட நீயே சொல்லு. நான் சொல்லமாட்டேன். உங்கக்காவும் சொல்லக் கூடாது. சீட்டுல எழுதிப் போடற விஷயமில்லை இது."

"சொன்னா வேலை மட்டும் போகாதுப்பா." சின்னவள் போனைத் தொடவில்லை. "நாலு மாசம் மறைச்சான்னு ஃபைல்ல எழுதிடுவாங்க. வேற எந்தப் பள்ளிக்கூடத்துலயும் என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. வாசனையே வேண்டாத பாடத்துக்குக்கூட."

"எழுதலாம்."

"நீங்க ஒரு வார்த்தை எச்.எம்.கிட்ட..."

"நான் ஒரு வார்த்தை சொன்னா எழுதாம விட்டுடுவாங்க, தெரியும். அதனாலதான் சொல்லமாட்டேங்கறேன்." அவருடைய கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது. அதை மகள்கள் பார்க்கக் கூடாதென்று மடியில் இறக்கிக்கொண்டார். இரண்டு பேரும் பார்த்துவிட்டார்கள்.

சின்னவள் போனை எடுத்தாள். வைத்தாள். கூடத்தின் கோடி வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பெரியவள் எழுந்து வந்து அவள் பக்கத்தில், தோள் உரசும்படி நின்றாள். ஒரு வாரமாகப் பேசாத தோள்.

"எண் தெரியுமா? நான் சொல்லட்டுமா?"

"தெரியும்."

அழுத்தினாள். மணி ஒரு முறை அடித்தது. இரண்டு. மூன்று. எடுக்கவில்லையென்றால் தப்பித்தோம் என்று ஒரு நொடி நினைத்தாள், அதை நினைத்ததற்காகவே கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"சார், சொல்லுங்க" என்று எச்.எம்.மின் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "உறை வந்து சேர்ந்துச்சா? செவ்வாய்க்கிழமை வந்துடுவீங்கதானே?"

"மேடம், நான் பேசறேன். அப்பா இல்லை." சின்னவள் கண்ணைத் திறந்தாள். "செவ்வாய்க்கிழமை வரைக்கும் தள்ள முடியாது மேடம். திங்கட்கிழமை லேபை நான் எடுக்கக் கூடாது. அதுக்கு முன்னாடி எடுத்ததும் தப்புதான். ஏன்னு சொல்றேன், கொஞ்சம் கேளுங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை. கதவு சாத்தும் ஓசை. திரும்பி வந்த குரலில் சந்தோஷம் இல்லை.

"கேக்கறேன் டீச்சர். ஒண்ணு விடாம சொல்லுங்க."